கல்லுல வரைஞ்ச முகங்கள்: 19ஆம் நூற்றாண்டு பிரிட்டன்ல போர்ட்ரெய்ட் பிரிண்ட் எப்படி உருவாச்சு

டார்வின்னு சொன்னதும் எல்லாருக்கும் நெஞ்சு வரைக்கும் தொங்குற அந்த வெள்ளைத் தாடிதான் கண்ணு முன்னாடி வரும். ஆனா 1849ல வந்த ஒரு படம் இருக்கு, அதுல மனுஷனுக்குத் தாடியே கிடையாது, கன்னத்தோரமா கிருதா மட்டும்தான், முன்நெத்தி நல்லா ஏறிப்போயிருக்கு, வயசு 40, உயிரினங்களோட தோற்றம் பத்தின அவரோட பெரிய புத்தகம் வெளிவர இன்னும் பத்து வருஷம் பாக்கி இருக்கு. கொஞ்சம் தள்ளி நின்னு பார்த்தா யாரோ உக்காந்து பொறுமையா பென்சில்ல வரைஞ்ச மாதிரியே தெரியும். ஆனா அது பென்சில் படமும் இல்ல, போட்டோவும் இல்ல. தாமஸ் ஹெர்பர்ட் மக்வயர்னு ஒருத்தர் ஒரு சுண்ணாம்புக்கல் மேல கொழுப்பு கலந்த க்ரேயானால வரைஞ்சு, அந்தக் கல்லுல இருந்து பேப்பர்ல அச்சு எடுத்தது. இதைத்தான் லித்தோகிராஃப்னு சொல்றாங்க.

இந்தக் காலத்துப் பழைய முகங்களை நாம நெட்லயும் பாடப்புத்தகத்துலயும் நிறையப் பார்த்திருப்போம், ஆனா அது எப்படி அச்சாச்சுன்னு யாரும் சொல்லித் தர்றதில்ல. அதான் அடியில இருந்து எழுதுறேன், ஓவியம் அச்சு எதுவும் தெரியாதவங்களுக்கும் புரியணும்.

போட்டோ வர்றதுக்கு முன்னாடி ஒரு ஆளோட முகம் ஊருக்கெல்லாம் தெரியணும்னா பிரிண்ட், அதாவது அச்செடுத்த படம், ஒண்ணுதான் வழி. ஆயில் பெயின்டிங்னா ஒரே ஒரு பிரதி, அது வரையச் சொன்னவர் வீட்டுச் சுவர்ல தொங்கும், அதோட சரி. அதைப் பார்த்து ஒரு எங்க்ரேவர் தகட்டுல செதுக்கி நூறு ஆயிரம்னு அச்சடிச்சாத்தான் லண்டன்ல பிரிண்ட் கடை கண்ணாடி ஜன்னல்ல மந்திரி, பாதிரியார், நடிகை, தளபதி, விஞ்ஞானின்னு எல்லா மூஞ்சியும் வரிசையா தொங்கும், ஜனங்க நின்னு வேடிக்கை பாப்பாங்க, காசு இருக்கறவங்க வாங்கி ஆல்பத்துல ஒட்டுவாங்க. இதுல முக்கியமா கவனிக்க வேண்டியது என்னன்னா, அந்த முகம் நம்ம கிட்ட வர்றதுக்குள்ள பல கை மாறியிருக்கும். பெயின்டர் பார்த்த முகத்தை எங்க்ரேவர் பார்க்கவே இல்ல, அவர் பார்த்தது பெயின்டிங்கைத்தான். அப்புறம் பிரஸ்ல மை பூசுறவர் ஒருத்தர், கடைசியா காசு போட்டு வெளியிடுற பப்ளிஷர் ஒருத்தர். 19ஆம் நூற்றாண்டுல நடந்ததையெல்லாம் ஒரே கேள்வியில அடக்கலாம்னு நான் நினைக்கிறேன்: உக்காந்திருக்கற ஆளுக்கும் பேப்பருக்கும் நடுவுல எத்தனை கை?

முதல்ல உலோகத் தகட்டு வேலையைப் பார்த்துடலாம். அந்த நூற்றாண்டு ஆரம்பத்துல மூணு முறை ஓடிட்டு இருந்துச்சு. லைன் எங்க்ரேவிங்னா பியூரின்னு ஒரு கூர் உளியை உள்ளங்கையில வெச்சுத் தள்ளித் தள்ளி செப்புத்தகட்டுல கோடு கோடா வெட்டுறது, அந்தக் கோட்டுப் பள்ளத்துல மை நிரப்பி, மேல உள்ளதைத் துடைச்சுட்டு, ஈரப் பேப்பரை வெச்சு உருளைக்கு நடுவுல அழுத்துனா பள்ளத்துல இருக்கற மை பேப்பருக்கு ஏறும். கஷ்டமான வேலை, பெரிய தகடுன்னா வருஷக்கணக்குல இழுக்கும். ஸ்டிப்பிள்னா கோட்டுக்குப் பதிலா புள்ளி, கன்னம் கழுத்து எல்லாம் மெத்துன்னு வரும், அதனால பெண்கள் படத்துக்கு நிறைய அதைத்தான் பிடிச்சாங்க. மூணாவது மெஸ்ஸோடின்ட். இதைக் கொஞ்சம் நின்னு பார்க்கணும்.

மெஸ்ஸோடின்ட்ல வேலை தலைகீழா நடக்கும். ராக்கர்னு ஒரு கருவி, வளைஞ்ச விளிம்பு முழுக்க நுணுக்கமான பல் இருக்கும், அதை வெச்சு தகடு முழுக்க எல்லாத் திசையிலயும் ஆட்டி ஆட்டி குத்திக்கிட்டே போவாங்க, தகடு பூரா சொரசொரப்பா ஆயிடும். அந்த நிலையில மை பூசி அச்செடுத்தா முழுக் கறுப்புதான் வரும், வெல்வெட் மாதிரி ஆழமான கறுப்பு. அந்தக் கறுப்புக்குள்ள இருந்து முகத்தை வெளிய எடுக்கணும். எங்க வெளிச்சம் வேணுமோ அங்க சுரண்டி, தேய்ச்சு, மழமழப்பாக்கணும், மழமழப்பான இடத்துல மை நிக்காது, அங்க வெள்ளை வரும். மூக்கு நுனியில ஒரு சின்ன மினுமினுப்பு, கண்ணுல ஒரு பொட்டு வெளிச்சம், இதெல்லாம் இருட்டுல இருந்து சுரண்டி எடுத்தது. ஜெர்மன்காரரான லுட்விக் வான் ஸீகன் 1642ல தொடங்குன முறை இது, ஆனா பிரிட்டன்காரங்க இதை எவ்வளவு தூரம் கொண்டு போனாங்கன்னா ஐரோப்பாவுல இதுக்கு இங்கிலீஷ் பாணின்னே பேர் வந்துடுச்சு. ஆயில் பெயின்டிங்கோட இருட்டும் வெளிச்சமும் இதுல வர்ற மாதிரி வேற எதுலயும் வராது. எக்ஸிட்டர்ல 1801ல பிறந்த சாமுவேல் கசின்ஸ் இதுல பெரிய கை. தாமஸ் லாரன்ஸ் வரைஞ்ச, சிவப்பு வெல்வெட் சட்டை போட்டு பாறை மேல சாஞ்சு உக்காந்திருக்கற லாம்ப்டன் வீட்டுப் பையன் படத்தை கசின்ஸ் மெஸ்ஸோடின்ட்ல போட்டாரு. அந்தச் சிவப்பு மொத்தமும் கறுப்பு மையோட ஏத்த இறக்கமா மாறணும், எந்தச் சிவப்புக்கு எவ்வளவு கறுப்புன்னு முடிவு பண்றது முழுக்க எங்க்ரேவரோட கண்ணு. இதைக் காப்பி அடிக்கிற வேலைன்னு சொன்னவங்களை நினைச்சா எனக்கு இன்னிக்கும் கோவம் வரும். சொன்னது சாதாரண ஆளுங்களும் இல்ல, லண்டன்ல ஓவியர்களோட பெரிய அமைப்பான ராயல் அகாடமியே அப்படித்தான் நடத்துச்சு. 1768ல ஆரம்பிச்ச அகாடமியில எங்க்ரேவர்னா துணை உறுப்பினர் அந்தஸ்து வரைக்கும்தான், அதுக்கு மேல கதவு மூடியிருந்துச்சு, கசின்ஸ் 1855லதான் முழு அகாடமிஷியன் அந்தஸ்துக்கு வர முடிஞ்சுது.

மெஸ்ஸோடின்ட்டுக்கு ஒரு பெரிய பலவீனம், செப்பு மிருதுவான உலோகம். நூறு இருநூறு பிரதி எடுக்குறதுக்குள்ள அந்தச் சொரசொரப்பு நசுங்கி படம் வெளிறிப் போயிடும், அதனாலதான் முதல்ல எடுத்த பிரதிகளுக்கு அவ்வளவு விலை. 1820கள்ல இதுக்கு எஃகுத் தகடு வந்துச்சு. தாமஸ் லப்டன் எஃகுல மெஸ்ஸோடின்ட் பண்ணிக் காட்டி 1822ல சொசைட்டி ஆஃப் ஆர்ட்ஸ்ல மெடல் வாங்குனாரு. எஃகுல ஆயிரக்கணக்குல எடுக்கலாம், ஆனா செதுக்குறது ரொம்பக் கஷ்டம், படமும் கொஞ்சம் இறுக்கமா, சில்லுன்னு இருக்கும்.

எஃகு எங்க்ரேவிங்ல ரொம்பப் பரவலா போன ஒரு முகத்தைச் சொல்லணும்னா அது நம்மளுக்கெல்லாம் தெரிஞ்சதுதான், 1840 மே மாசம் வந்த பென்னி பிளாக் ஸ்டாம்ப். அதை யாரும் போர்ட்ரெய்ட் பிரிண்ட்னு நினைக்கிறதில்ல, ஆனா சுத்தமா அதுதான். வில்லியம் வையன்ங்கறவர் பண்ணுன மெடல்ல இருந்த விக்டோரியா தலையைப் பார்த்து ஹென்றி கார்போல்ட் வரைஞ்சாரு, அதை சார்லஸ் ஹீத்தும் அவர் மகன் ஃபிரெடரிக்கும் எஃகுல செதுக்குனாங்க, ஜேக்கப் பெர்கின்ஸ் அமெரிக்காவுல இருந்து கொண்டு வந்த முறையில அந்த ஒரே முகத்தை ஒரு எஃகு உருளைக்கு மாத்தி, அந்த உருளையால ஒரே தகட்டுல 240 தடவை பதிச்சாங்க. மொத்தம் 6 கோடியே 80 லட்சத்துக்கும் மேல அச்சாச்சு. முகத்தை ஏன் போட்டாங்கன்னா, கள்ள ஸ்டாம்ப் அடிச்சா முகத்துல ஏற்படுற சின்ன வித்தியாசத்தைக் கூட மனுஷக் கண்ணு சட்டுனு பிடிச்சுடும், ஒரு பூ டிசைன்ல அது முடியாது. வையன், கார்போல்ட், ஹீத் ரெண்டு பேரு, உருளை, அப்புறம்தான் பேப்பர். ராணிக்கும் பேப்பருக்கும் நடுவுல எத்தனை கைன்னு எண்ணிப் பாருங்க. ஸ்டாம்ப்ல இருக்கற முகம் 1840ல இருந்த ராணியோடதும் இல்ல, வையன் அவங்களைப் பார்த்து வரைஞ்சப்ப அவங்க 15 வயசு இளவரசி.

சரி, இப்ப கல்லுக்கு வருவோம்.

லித்தோகிராஃபியைக் கண்டுபிடிச்ச அலாய்ஸ் செனஃபெல்டர் 1771ல பிராக் நகரத்துல பிறந்தவர், அப்பா நாடக நடிகர், இவரும் நாடகம் எழுதுனாரு. அதை அச்சுப் போட காசு இல்ல, அதனால தானே அச்சடிக்க ஏதாவது மலிவான வழி இருக்கான்னு மியூனிக்ல உக்காந்து செப்புலயும் கல்லுலயும் என்னென்னவோ பண்ணிப் பார்த்துட்டு இருந்தாரு. ஒரு நாள் துணி வெளுக்கற அம்மா வாசல்ல காத்துட்டு இருக்காங்க, துணிக்கணக்கு எழுதிக் கொடுன்னு அவரோட அம்மா கேக்குறாங்க, கைக்குப் பேப்பர் சிக்கல, மெழுகும் சோப்பும் விளக்குக் கரியும் கலந்து வெச்சிருந்த மையால பக்கத்துல இருந்த கல்லு மேலயே எழுதிட்டாராம். அப்புறம் அந்தக் கல்லு மேல ஆசிட் ஊத்திப் பார்க்கலாமேன்னு தோணிருக்கு. இது 1796, அவரே பின்னாடி எழுதி வெச்ச கதை. அங்க இருந்து ரெண்டு வருஷம் போராடி 1798 வாக்குல நிஜமான லித்தோகிராஃபிக்கு வந்து சேர்ந்தாரு, அதாவது செதுக்காம, பள்ளம் மேடு எதுவும் இல்லாம, வழுவழுப்பான தட்டைக் கல்லுல இருந்து அச்சு எடுக்குற முறை.

பள்ளமும் இல்ல மேடும் இல்லன்னா மை எப்படி வரைஞ்ச இடத்துல மட்டும் நிக்குது? விஷயம் எண்ணெய்க்கும் தண்ணிக்கும் ஆகாதுங்கறதுதான், எண்ணெய் தடவுன தோசைக்கல்லுல தண்ணி தெளிச்சா அது ஒட்டாம உருண்டு ஓடுறதை தினமும் பாக்குறோம்ல, அதே பகைதான் இங்க வேலை செய்யுது. கல்லு பவேரியாவுல சோல்ன்ஹோஃபன் பக்கத்துச் சுரங்கத்துல கிடைக்கிற சுண்ணாம்புக்கல், அதோட மணி, அதாவது துகள், ரொம்ப நைஸா இருக்கும். அதை மணலும் தண்ணியும் போட்டு இன்னொரு கல்லால தேய்ச்சுத் தேய்ச்சு மட்டம் பண்ணுவாங்க, கடைசியில மெல்லிசா ஒரு சொரசொரப்பு விட்டு வெப்பாங்க, அப்பத்தான் க்ரேயான் பிடிக்கும். மெழுகு, சோப்பு, மாட்டுக் கொழுப்பு, அரக்கு, கரி எல்லாம் கலந்து செஞ்ச க்ரேயானால பேப்பர்ல வரையுற மாதிரியே கல்லுல வரையலாம். வரையும்போது விரல் பட்டுடக் கூடாது, ஏன்னா விரல்ல இருக்கற எண்ணெய்ப்பசை கூட கல்லுல ஏறி கடைசியில கறையா அச்சாகும், தலையில இருந்து பொடுகு விழுந்தா கூட புள்ளியா வந்துடும். அதனால கல்லுக்குக் குறுக்க ஒரு பலகையைப் பாலம் மாதிரி போட்டு அதுமேல கை வெச்சு வரைவாங்க.

வரைஞ்சு முடிச்சதும் வேலம்பிசினையும் ரொம்பக் கொஞ்சமா நைட்ரிக் ஆசிடையும் கலந்து மேல பூசுவாங்க. இங்க நடக்கறது கெமிஸ்ட்ரி: கொழுப்புல இருக்கற அமிலம் கல்லோட கால்சியத்தோட சேர்ந்து தண்ணியில கரையாத ஒரு சோப்பா கல்லுக்குள்ள உக்காந்துக்கும், வரையாத இடத்துல பிசின் ஒட்டிக்கிட்டு தண்ணியை இழுத்து வெச்சுக்கும். அடுத்து செய்யறது, எனக்கு இந்த முழு வேலையிலயும் ரொம்பப் பிடிச்ச கட்டம், டர்பன்டைன் ஊத்தி வரைஞ்ச படத்தையே துடைச்சு எடுத்துடுவாங்க. அவ்வளவு நேரம் உக்காந்து வரைஞ்ச முகம் அப்படியே காணாமப் போயிடும், கல்லுல ஒரு மங்கலான சாயல்தான் மிச்சம். ஆனா கொழுப்பு உள்ள இருக்கு. ஸ்பாஞ்சால ஈரம் பண்ணி, தோல் உருளையில எண்ணெய் மையை எடுத்து உருட்டுனா, ஈரம் இருக்கற இடம் மையைத் தள்ளும், கொழுப்பு இருக்கற இடம் மையைப் பிடிக்கும், உருட்ட உருட்ட முகம் மறுபடி எழுந்து வரும். மேல ஈரப் பேப்பர் வெச்சு, பிரஸ்ல கட்டையால அழுத்தி இழுத்தா ஒரு பிரதி. மறுபடி ஈரம், மறுபடி மை, அடுத்த பிரதி. சிவகாசியில இன்னிக்கு ஓடுற ஆஃப்செட் மெஷின்லயும் தத்துவம் இதேதான், கல்லுக்குப் பதிலா அலுமினியத் தகடு, நடுவுல ஒரு ரப்பர் போர்வை, அவ்வளவுதான்.

ரெண்டு தொல்லை உண்டு. ஒண்ணு, அச்சு இடம் வலம் மாறி வரும், அதனால முகத்தைக் கண்ணாடியில பார்க்குற மாதிரி திருப்பி வரையணும், மச்சம் வலது கன்னத்துல இருந்தா கல்லுல இடது பக்கம் வைக்கணும். இன்னொண்ணு கல்லோட கனம், பெரிய படத்துக்கான கல்லைத் தூக்க ரெண்டு ஆளு வேணும். விலையும் அதிகம், அதனால அச்சு முடிஞ்சதும் படத்தைத் தேய்ச்சு அழிச்சுட்டு அதே கல்லுல அடுத்த படம் வரைவாங்க. அந்தக் காலத்துப் பிரிண்ட் இத்தனை கிடைச்சும் அதை வரைஞ்ச கல்லு பெரும்பாலும் கிடைக்காம போனது இதனாலதான்.

செனஃபெல்டரே 1800ல லண்டனுக்கு வந்தாரு, 1801ல பேட்டன்ட் வாங்குனாரு. அவரோட தொழில் கூட்டாளி பிலிப் ஆண்ட்ரே 1803ல ஓவியர்கள் கல்லுல வரைஞ்ச படங்களைத் தொகுப்பா வெளியிட்டாரு, அப்ப இதுக்கு பாலிஆட்டோகிராஃபின்னு பேரு, ராயல் அகாடமி தலைவரா இருந்த பெஞ்சமின் வெஸ்ட் கூட ஒண்ணு வரைஞ்சிருந்தாரு. ஆனா சூடு பிடிக்கல. நெப்போலியன் போர் சமயத்துல ராணுவ ஆபீஸ்ல 1808ல இருந்து வரைபடம் அடிக்கத்தான் இது உதவுச்சு. ஓவியத்துக்குள்ள மறுபடி கொண்டு வந்தது ரெண்டு பேரு. ஸ்ட்ராண்ட் தெருவுல பெரிய பிரிண்ட் கடை வெச்சிருந்த ஜெர்மன்காரர் ருடால்ஃப் ஆக்கர்மன், செனஃபெல்டரோட புத்தகத்தை 1819ல இங்கிலீஷ்ல போட்டாரு. இன்னொருத்தர் சார்லஸ் ஹல்மண்டல், லண்டன்ல பிறந்தவர், ஓவியர், மியூனிக் போய் நேர்ல பார்த்துட்டு வந்து கிரேட் மார்ல்பரோ தெருவுல சொந்தமா பிரஸ் வெச்சாரு, கெமிஸ்ட்ரி சரியா புரிஞ்சாத்தான் அச்சு சரியா வரும்னு மைக்கேல் ஃபாரடே கிட்ட போய்ப் படிச்சாரு, 1824ல கல்லுல வரையறது எப்படின்னு கையேடே எழுதுனாரு. ஓவியர்கள் படத்தைக் கொடுத்துட்டு கவலைப்படாம போகலாம்ங்கற நம்பிக்கை அவர் பிரஸ்ல இருந்துதான் வந்துச்சு.

போர்ட்ரெய்ட்டுக்கு இது ஏன் இவ்வளவு பொருந்துச்சுன்னா, முகம் வரையறவங்க ஏற்கனவே சாக்குலயும் பென்சில்லயும்தான் வேகமா வரைவாங்க, அதே கை அசைவு அப்படியே கல்லுல விழுது, நடுவுல ஒரு எங்க்ரேவர் மாசக்கணக்குல உக்காந்து மொழிபெயர்க்க வேண்டியதில்ல. முடி நுனியில க்ரேயான் லேசா தேஞ்சு மறையுறது, உதட்டோரம் ஒரு அழுத்தம், எல்லாம் வரைஞ்சவரோட கை. அச்சு பெரும்பாலும் சீனாவுல இருந்து வந்த மெல்லிசான தாளை கனமான பேப்பர் மேல ஒட்டி எடுப்பாங்க, அதுல சாம்பல் நிற ஏத்த இறக்கம் ரொம்ப அழகா வரும். விலையும் மலிவு.

இந்த வேலையில பெரிய பேரு ரிச்சர்ட் ஜேம்ஸ் லேன். ஓவியர் கெய்ன்ஸ்பரோவுக்குச் சொந்தக்காரர், ஸ்டாம்ப் செதுக்குனாருன்னு சொன்னேனே அதே சார்லஸ் ஹீத் கிட்டதான் எங்க்ரேவிங் கத்துக்கிட்டாரு. உளி பிடிக்கத் தெரிஞ்ச ஆளு, அதை விட்டுட்டு க்ரேயானுக்கு வந்தாரு. 1829ல பத்து வயசு விக்டோரியாவை வரைஞ்சாரு, அந்தப் பொண்ணு 1837ல ராணி ஆனதும் இவரை அரசவை லித்தோகிராஃபர் ஆக்கிட்டாங்க. வாழ்நாள்ல ஆயிரத்துக்கும் மேல லித்தோகிராஃப் போட்டிருக்காரு. ஆல்ஃப்ரெட் தோர்சேன்னு ஒரு பிரெஞ்சு கவுன்ட் லண்டன்ல இருந்தாரு, பெரிய ஃபேஷன் புள்ளி, இப்ப ராயல் ஆல்பர்ட் ஹால் இருக்கற இடத்துல அப்ப இருந்த கோர் ஹவுஸ்ல லேடி பிளெஸ்ஸிங்டனோட விருந்துக்கு வர்றவங்களையெல்லாம் பக்கவாட்டுல உக்கார வெச்சுப் பென்சில்ல வரைவாரு, அதை லேன் கல்லுல போடுவாரு, நூத்துக்கும் மேல முகம் இப்படி வந்துச்சு. ஆனா பாருங்க, இங்க நடுவுல மறுபடி ஒரு கை வந்து உக்காந்துடுச்சு. லேன் போட்ட நிறையப் படங்கள் இப்படி அடுத்தவங்க வரைஞ்சதைப் பார்த்துப் போட்டதுதான். கல்லு அந்த நடுக் கையை நீக்கறதுக்கு வழி கொடுத்துச்சு, ஆனா வியாபாரம் அதை முழுசா நீக்க விடல.

மக்வயரோட வரிசை வேற மாதிரி, எனக்கு மொத்த நூற்றாண்டுலயும் பிடிச்சது அதுதான். இப்ஸ்விச் ஊர்ல 1847ல சாதாரண தொழிலாளிகளும் இயற்கை அறிவியலைத் தெரிஞ்சுக்கணும்னு ஒரு மியூசியம் திறந்தாங்க. அதோட கௌரவ உறுப்பினர்களா இருந்த விஞ்ஞானிகளை வரையச் சொல்லி ஜார்ஜ் ரான்சம் ஏற்பாடு பண்ண, 1847ல இருந்து 1852 வரைக்கும் மக்வயர் சுமார் 60 பேரை வரைஞ்சாரு. டார்வின், ஃபாரடே, சார்லஸ் லயல், ரிச்சர்ட் ஓவன் எல்லாம் அதுல இருக்காங்க. அலங்காரம் அதிகம் இல்ல, நாற்காலியில உக்காந்திருக்கற மனுஷங்க. இதே மக்வயர்தான் 1845ல டாலியோனி, கிரிசி, செரிட்டோ, கிரான்னு நாலு பெரிய பாலே நடனக்காரிகள் சேர்ந்து ஆடுன நிகழ்ச்சியை சாலோன்ங்கற ஓவியர் வரைஞ்ச படத்துல இருந்து லித்தோகிராஃபா போட்டவர், இன்னிக்கும் பாலே வரலாறுன்னா முதல்ல காட்டுறது அந்தப் படத்தைத்தான்.

கல்லைப் பத்தி இன்னொண்ணு சொல்லாம விட முடியாது. அச்சுக்காக வெட்டுன அதே சோல்ன்ஹோஃபன் பாறை அடுக்குல 1861ல இறகு வெச்ச ஒரு ஃபாசில் கிடைச்சுது, பாதி பறவை பாதி பல்லி மாதிரி, ஆர்க்கியாப்டெரிக்ஸ் லித்தோகிராஃபிகான்னு அச்சுக்கல்லோட பேரையே அதுக்கு வெச்சாங்க. அடுத்த வருஷமே 700 பவுண்டுக்கு அதை பிரிட்டிஷ் மியூசியத்துக்கு வாங்க வெச்சவர் ஓவன், டார்வினோட கருத்தை எதிர்த்தவர், டார்வின் பக்கமோ அது பெரிய சாட்சியா ஆயிடுச்சு. ரெண்டு பேர் முகமும் மக்வயர் வரிசையில இருக்கு. படம் நைஸா வர்றதுக்குக் காரணமான அதே நுண்ணிய சேறுதான் இறகோட ஒவ்வொரு நரம்பையும் காப்பாத்தி வெச்சிருந்துச்சு.

அச்சுன்னா அச்சடிக்கறவர் மேல நம்பிக்கை வைக்கணும், ஒரு பிரதி கூட எடுத்தா யாருக்குத் தெரியும்? விக்டோரியாவும் அவங்க கணவர் ஆல்பர்ட்டும் பொழுதுபோக்கா தங்க பிள்ளைகளையும் நாய்களையும் தகட்டுல எட்சிங் பண்ணுவாங்க, அதாவது ஊசியால கீறி ஆசிட்ல அரிக்க விட்டு படம் போடுறது, வெளிய காட்டுறதுக்கு இல்ல, வீட்டுக்குள்ள வெச்சுக்க. வின்ட்சர்ல அச்சடிக்கக் கொடுத்த இடத்துல வேலை பார்த்த ஒருத்தர் எடுத்த பிரதிகள் வெளிய போயிடுச்சு, கண்காட்சி வெச்சு கேட்டலாக் போட்டு விக்கலாம்னு ஒரு கூட்டம் கிளம்புச்சு. ஆல்பர்ட் கோர்ட்டுக்குப் போனாரு, 1849ல தடை வாங்குனாரு. பிரைவசி பத்திப் படிக்கற சட்ட மாணவங்க இன்னிக்கும் படிக்கற கேஸ் இது.

இதுக்குள்ள போட்டோ வந்துடுச்சு. லண்டன் ரீஜன்ட் தெருவுல 1841லயே முதல் ஸ்டுடியோ திறந்தாச்சு. ஆனா முதல்ல அது லித்தோகிராஃபரைக் கொல்லல, ஏன்னா டாகுவேரோடைப்ங்கறது ஒரே ஒரு வெள்ளித்தகடு, பிரதி எடுக்க முடியாது, அதைப் பார்த்து கல்லுலயோ எஃகுலயோ போட்டாத்தான் நிறைய பேருக்குப் போகும், அதனால கொஞ்ச காலம் வேலை கூடத்தான் செஞ்சுது. அடி விழுந்தது 1860ல. கண்ணாடி நெகட்டிவ்ல இருந்து எத்தனை வேணும்னாலும் பேப்பர்ல எடுக்கலாம்னு ஆனதும், விசிட்டிங் கார்டு சைஸ்ல போட்டோ வந்துச்சு, மேயால்ங்கறவர் ராஜ குடும்பத்தோட படங்களை அந்த சைஸ்ல ஆல்பமா வெளியிட, ஜனங்க பைத்தியமா வாங்குனாங்க. அதுக்கப்புறம் சும்மா முகம் தெரியணும்ங்கறதுக்காக யாரும் லித்தோகிராஃப் வாங்கல.

அப்ப லித்தோகிராஃப் போட்டோவால முடியாததைப் பண்ணுச்சு. வேனிட்டி ஃபேர் வாரப்பத்திரிகை 1869ல அரசியல்வாதி டிஸ்ரேலியில ஆரம்பிச்சு வாரம் ஒரு பிரபலத்தைக் கலர்ல கேலிச்சித்திரமா போட்டுச்சு, ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு தனிக் கல், ஒண்ணு மேல ஒண்ணு பிசகாம உக்காரணும். ஏப்ங்கற பேர்ல பெல்லெக்ரினியும் ஸ்பைங்கற பேர்ல லெஸ்லி வார்டும் வரைஞ்சது இன்னிக்கும் லண்டன் வக்கீல் ஆபீஸ் சுவர்கள்ல தொங்குது. இந்தக் கலர் கல் முறையைத்தான் ரவிவர்மா 1894ல பம்பாய்ல பிரஸ் வெச்சு லட்சுமிக்கும் சரஸ்வதிக்கும் பயன்படுத்துனாரு.

இன்னொரு பக்கம் விஸ்லர் மாதிரி ஓவியர்கள், பிரதி பரப்பறதுக்காக இல்லாம, தன் கையோட தடத்துக்காகவே லித்தோகிராஃபை எடுத்தாங்க. வில்லியம் ரோதன்ஸ்டைன் 20 வயசு சொச்சத்துல ஆக்ஸ்ஃபோர்ட் ஆளுங்களை 1893ல இருந்து 1896 வரைக்கும் 24 படமா வரைஞ்சாரு, நேர்ல பார்த்து, தானே. ஆனா இங்கயும் சண்டை வந்துச்சு. விஸ்லர் நிறைய படங்களை டிரான்ஸ்ஃபர் பேப்பர்ல வரைவாரு, அதாவது பசை பூசுன தாள்ல வரைஞ்சு அதைக் கல்லு மேல அழுத்தி மாத்துறது, கல்லைத் தூக்க வேண்டாம், திருப்பி வரைய வேண்டாம். அதே மாதிரி ஜோசஃப் பென்னல் பண்ணுன படங்களைப் பார்த்துட்டு, ஓவியர் வால்டர் சிக்கர்ட் 1896ல பத்திரிகையில, கல்லையே தொடாம வரைஞ்சதை லித்தோகிராஃப்னு விக்கறது சரியில்லன்னு எழுதிட்டாரு. பென்னல் கேஸ் போட்டாரு, விஸ்லர் சாட்சிக் கூண்டுல ஏறுனாரு, 1897ல பென்னலுக்கு 50 பவுண்டு நஷ்டஈடு. தீர்ப்பு சரின்னுதான் நான் சொல்வேன், செனஃபெல்டரே டிரான்ஸ்ஃபர் முறையை தன் கண்டுபிடிப்புலயே முக்கியமானதா நினைச்சவர். வரைஞ்ச கை பேப்பர் வரைக்கும் அப்படியே வருதான்னு பார்க்கணும், அந்தக் கை கல்லைத் தொட்டுச்சா இல்லையாங்கறது அப்புறம்தான்.

கடைசியா, ஒரு பழைய பிரிண்ட் கையில கிடைச்சா எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது. ஒரு லென்ஸ் எடுத்துக்கங்க. படத்தைச் சுத்தி பேப்பர்ல செவ்வகமா ஒரு அழுத்தத் தடம் இருந்தா உலோகத் தகடு, லித்தோகிராஃப்ல அது வராது, ஒட்டுன சீனத்தாளோட விளிம்பைப் பார்த்து ஏமாந்துடாதீங்க. கோடு நடுவுல தடிச்சு நுனியில கூரா முடிஞ்சா லைன் எங்க்ரேவிங், சின்னச் சின்னப் புள்ளின்னா ஸ்டிப்பிள், கறுப்புப் பகுதியில நெசவு மாதிரி குறுக்கும் நெடுக்கும் தடம் தெரிஞ்சா மெஸ்ஸோடின்ட், க்ரேயான் பொடி கல்லு மணியில சிதறுன மாதிரி ஒழுங்கில்லாத குருணை தெரிஞ்சா லித்தோகிராஃப். அளவெடுத்த மாதிரி வரிசையா புள்ளி இருந்தா அது பிற்காலத்து ஹாஃப்டோன், அதாவது போட்டோவைப் புள்ளிகளா பிரிச்சு அச்சடிக்கற முறை, பழசு இல்ல. அப்புறம் படத்துக்குக் கீழ உள்ள பொடி எழுத்தைப் படிங்க, வழக்கமா இடது பக்கம் வரைஞ்சவர் பேரு, வலது பக்கம் தகட்டுலயோ கல்லுலயோ போட்டவர் பேரு, நடுவுல அச்சகமும் பப்ளிஷரும் தேதியும். ரெண்டு பக்கமும் வேற வேற பேரு இருந்தா நடுவுல கை இருக்குன்னு அர்த்தம். லண்டன் நேஷனல் போர்ட்ரெய்ட் கேலரி, பிரிட்டிஷ் மியூசியம் ரெண்டு வெப்சைட்லயும் லேன், மக்வயர், கசின்ஸ்னு பேரு போட்டுத் தேடுனா படங்கள் வரும், லேன் போட்டதையும் கசின்ஸ் போட்டதையும் பக்கத்துப் பக்கத்துல வெச்சு கன்னத்து நிழலை மட்டும் பெருசாக்கிப் பாருங்க, சொரசொரப்புல இருந்து சுரண்டி எடுத்ததுக்கும் க்ரேயானால தடவுனதுக்கும் உள்ள வித்தியாசம் அங்கயே தெரிஞ்சுடும்.